காற்று வரும் பக்கத்து மரம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வேறு உன்னதமான காரணம் எதுவும் இல்லை. வயிற்றெரிச்சலோடு எழுத உட்காராதே என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு. இந்த முறை கேட்கவில்லை.

எஸ்டோனியாவின் தென்கிழக்கு மூலையில், வோரு நகரத்துக்கும் தெற்கே இருக்கிறது எங்கள் சிற்றூர். கல்யாணம் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள் நான். பிழைப்புக்கு அறிக்கைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். 2030-க்குள் ஐரோப்பா தன் கரிவாயுவை ஐம்பத்தைந்து சதவீதம் குறைத்தாக வேண்டுமே, அதற்கு எங்கள் வட்டாரம் என்ன செய்து கிழித்திருக்கிறது என்று ஓர் அறிக்கை வந்தது. அதில் எங்கள் ஊர்க் கொதிகலன் நிலையத்தைப் பற்றி ஒரே வரி: 'எரிபொருள், மரம். வெளியேற்றம், பூஜ்யம்.' நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். காற்றே இல்லாத நாள். புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை மேலே போக மனமில்லாமல் கூரைகளின்மேல் படுத்துக் கிடந்தது. மாடியில் காயப்போட்டிருந்த என் போர்வை முழுக்க அதன் வாடை.

பூஜ்யமாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

(அடிக்குறிப்பில் போட வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது எழுத்துப் பிழை இல்லை, விதி. மரப்புகையை எரிக்கிற இடத்தில் எண்ண மாட்டார்கள். மரம் விழுந்த இடத்தில், நிலக் கணக்கில் எண்ணிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. காடு திரும்ப வளர்ந்துவிடும், போனதெல்லாம் வந்துவிடும் என்பது வாதம். எப்போது வரும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள்.)

2

சில தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன். அடித்ததை அழிக்காமல் வைக்கிறேன்.

'பனி மூடிய பைன் காடுகளின் நடுவே, காலம் உறைந்துபோன ஒரு' — இதை எழுதியவளைச் சுற்றுலா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

'பிரஸ்ஸல்ஸில், கண்ணாடிக் கட்டடத்தின் உள்ளே, இருபத்தேழு நாட்டுப் பிரதிநிதிகளும் ஒருமனதாக' — ஒருமனதாக அவர்கள் காப்பிகூடக் குடித்ததில்லை.

'கொதிகலனின் கதவைத் திறந்த ஊர்வே, நெருப்பில் தன் மகனுடைய' — கூடாது. செத்தாலும் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சரி, சாதாரணமாகவே தொடங்குகிறேன். ஊர்வே எங்கள் ஊர்க் கொதிகலன் நிலையத்தைக் கவனித்துக்கொள்கிற பெண். லாரி கொட்டிவிட்டுப் போகும் மரச்சில்லுகளைக் கொதிகலனுக்கு ஊட்டுவது, சாம்பல் அள்ளுவது, குழாய் வெடித்தால் ஆள் கூப்பிடுவது எல்லாம் அவள்தான். பள்ளிக்கூடம், மருத்துவர் அறை, எங்கள் அடுக்குமாடி எல்லாவற்றுக்கும் சூடு அவளிடமிருந்து வருகிறது. இந்த வரியை எழுதும் என் கைவிரல் விறைக்காமல் இருப்பதும் அவளால்தான். எனவே, நான் ஒன்றும் புகைக்கு வெளியே நின்று கத்துகிறவள் இல்லை.

அவளுக்கு ஒரு தம்பி, கௌபோ. காட்டில் மரம் வெட்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறவர். அவளுக்கு ஒரு மகனும் இருந்தான், ரௌனோ.

3

ரௌனோ எப்படிச் செத்தான் என்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. பிப்ரவரி மாதம் பெய்ப்சி ஏரியின் பனிக்கட்டிமேல் மீன் பிடிக்கப் போனான். பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விட்டான். முன்பெல்லாம் பிப்ரவரியில் அந்த ஏரிமேல் காரை ஓட்டிக்கொண்டு அக்கரைப் பக்கம் போவார்கள். அந்த வருஷம் டிசம்பர் முழுக்க மழை, ஜனவரியிலும் மழை. சூடாகிப்போன உலகம் பையனைத் தின்றது, அதைத் தடுக்கிறேன் என்று போட்ட சட்டம் அவன் மரத்தைத் தின்ன வருகிறது என்று எழுதினால், கதைக்காகவே ஜோடி சேர்த்த மாதிரி இருக்கும். ரொம்பப் பொருந்துகிறதே, மாற்றுங்கள் என்று எந்தப் பத்திரிகைக்காரரும் சொல்வார். மாற்றினேன். மோட்டார் சைக்கிள் விபத்தாக்கினேன். பிறகு ஊர்வேயின் முகம் நினைவுக்கு வந்து திரும்ப ஏரிக்கே கொண்டுவந்துவிட்டேன். பொருந்துவது என் குற்றம் இல்லை.

அவன் மரம் என்றேன் அல்லவா. எங்கள் பக்கத்தில் சவ ஊர்வலம் வீட்டிலிருந்து கல்லறைக்குப் போகும் வழியில் காட்டோரம் நிற்கும். நெருங்கிய ஆண் உறவு ஒருவர் இறங்கி, ஒரு மரத்தின் பட்டையைச் செதுக்கிச் சிலுவை கீறுவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு மிடறு வோட்கா குடித்துவிட்டு வண்டியேறுவார்கள். செத்தவர் வீட்டு ஞாபகத்தில் திரும்பி வரக் கிளம்பினால், அந்த மரம் வரைக்கும்தான் வருவார். தன் சிலுவையைப் பார்த்ததும் அங்கேயே தங்கிவிடுவார். அந்த மரத்தை யாரும் தொடமாட்டார்கள். வெட்டினவன் வீட்டில் அடுத்த சாவு விழும் என்பது நம்பிக்கை. கணினியில் வரி கட்டுகிற ஊர்தான் இது, ஆனாலும் தொடமாட்டார்கள்.

ரௌனோவுக்குச் சிலுவை கீறியவர் மாமா கௌபோதான்.

முதல் வரைவில் ஊர்வே அந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக் கதறுவதாக எழுதியிருந்தேன். அதை எஸ்டோனிய மொழியில் அவளுக்குச் சொல்லிக் காட்டினேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் எப்ப அழுதேன்? அங்க போய் உக்காந்து காப்பி குடிப்பேன். பிப்ரவரி ஐஸை நம்பினியேடா மடையான்னு ரெண்டு திட்டு திட்டுவேன். வந்துடுவேன். அழுறதுக்கு எனக்கு வீடு இருக்கு."

கதறலை வெட்டிவிட்டேன்.

4

பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் ரௌனோவின் மரம் நிற்கிற காட்டை வெட்டப்போகிறார்கள் என்ற செய்தியைக் கௌபோ ஒரு சனிக்கிழமை, சவ்னா என்கிற நீராவிக் குளியலறையிலிருந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தபடி அக்காவிடம் சொன்னார். வெட்டப்போவதும் அவர்தான். நல்ல அடிமரம் பலகைக்குப் போகும். மற்றதைத் தூளாக்கி, சுண்டுவிரல் பருமனில் குச்சிகளாக அழுத்தி, கப்பலேற்றி, கடலுக்கு அந்தப் பக்கம் முன்பு நிலக்கரி தின்றுகொண்டிருந்த மின்நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கேயும் அது பூஜ்யம்தான். அந்த நாடு தன் இலக்கை எட்டிவிட்டதாகக் கைதட்டிக்கொள்ளும்.

கிளையையும் கழிவையும் எரித்த காலத்தில் ஊர்வேக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. எண்ணெய்க் கொதிகலனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஐரோப்பியப் பணத்தில் இந்தப் புதுக் கொதிகலன் வந்த அன்று கேக் வெட்டியவளே அவள்தான். புகை குறைய வேண்டும் என்று அவளைவிட அதிகமாக ஆசைப்படுகிறவர் இந்தக் கண்டத்திலேயே கிடையாது. ஏரி மறுபடி உறைய வேண்டும் என்று நினைக்கிறவள் அவள்.

கௌபோ வேலை பார்க்கும் மரம் வெட்டும் நிறுவனத்தார் மோசமானவர்களும் இல்லை. விதிப்படி ஆள் அனுப்பி, கண்ணுக்குத் தெரிகிற சிலுவை மரங்களுக்கு நாடா கட்டியிருந்தார்கள். மொத்தம் ஐந்து. அதில் ரௌனோவுடையதும் உண்டு. அந்த ஐந்தை விட்டுவிட்டு மீதியை வெட்டலாம்.

ஊர்வே நிம்மதியாக மூச்சு விட்டதைப் பார்த்துக் கௌபோவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒத்தையா விட்ட மரம் நிக்காதுக்கா. இவ்வளவு நாளும் பக்கத்துல இருக்கிறதெல்லாம் சேர்ந்து காத்தைத் தாங்கிக்கிட்டு இருந்துச்சு. சுத்தி மொட்டையடிச்சிட்டா, அக்டோபர்ல தென்மேற்குக் காத்து ஒருவாட்டி அடிச்சாப் போதும், வேரோட படுத்துடும். எத்தனை இடத்துல பாத்திருக்கேன்."

"அப்ப நாடா எதுக்குடா கட்டினான்?"

"கட்டினோம்னு எழுதிக்கிறதுக்கு."

5

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். 2030-இன் இலக்கு, 2040-இன் தொண்ணூறு சதவீதம், நிலக் கணக்கு, யார் எதில் ஒத்துப்போகவில்லை என்று பக்கம் பக்கமாகத் திட்டி வைத்திருந்தேன். திட்டும்போது சுகமாக இருந்தது. படிக்கும்போது எனக்கே கொட்டாவி வந்தது.)

6

சிலுவை இருந்தால்தான் விடுவார்கள் என்றால் எல்லா மரத்திலும் சிலுவை இருக்கட்டும். இந்த யோசனை ஊர்வேக்குச் சில்லு அள்ளிக்கொண்டிருக்கும்போது வந்ததாம். ஆனால் சும்மா கீறக் கூடாது. ஆள் வேண்டும். செத்தவர் வேண்டும்.

ஆட்கள் இருந்தார்கள். 1949 மார்ச்சில், சோவியத் ஆட்சியில், இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து லாரியில் ஏற்றி, ரயிலில் அடைத்து, சைபீரியாவுக்குக் கொண்டுபோனார்களே, அவர்களில் திரும்பி வராதவர்கள். எங்கேயோ பெயர் தெரியாத பனியில் புதைத்த உடம்புகள். அவர்களுக்கு ஊர்வலம் இல்லை, வோட்கா இல்லை, மரமும் இல்லை. ஊர்வேயின் பெரியப்பா அதில் ஒருவர். கூட்டுறவுக் கடை வாசலில் நின்று அவள் அக்கம்பக்கத்தாரிடம் சொன்னாள். சாதாரணமாக இங்கே ஒருவர் வாயிலிருந்து இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல வருவது அபூர்வம். அன்று அவள் நிறுத்தாமல் பேசினாள். மறுநாள் காலையில் கத்தியும் கோடாரியும் எடுத்துக்கொண்டு காட்டோரம் வந்து நின்றார்கள்.

அந்தக் காலையை நான் பார்த்தேன். ஆளுக்கு ஒரு மரம் தேர்ந்தெடுத்து, பட்டையைச் சீவி, இரண்டு வெட்டு. வீட்டில் ஆண் பிள்ளை இல்லாத இடத்தில் பெண்களே கீறினார்கள். வழக்கத்துக்கு மாறானதுதான். யாரும் தடுக்கவில்லை. ஒரு பெண் தன் அத்தைக்கு, பிறந்து சில மாதத்தில் ரயிலிலேயே செத்துப்போன குழந்தைக்கு, முழங்கால் உயரத்தில் சின்னதாக ஒரு சிலுவை போட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, சாலைக்கு வந்துவிட்டேன்.

ரௌனோவின் மரத்தைச் சுற்றி ஒரு தோப்பே சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் குறை. தென்மேற்கில், காற்று நேராக வந்து மோதுகிற பக்கத்தில், ஒரு பருத்த பைன் மரம் வெறுமனே நின்றது. செத்தவர்கள் தீர்ந்துவிட்டார்கள்.

7

சிலுவை மரங்களைச் சரிபார்க்கத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கெர்த்து என்று பெயர். இளம்பெண். இவரை வில்லியாக்கிவிட வேண்டும் என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன். சேற்றில் மாட்டுகிற குதிகால் செருப்பு, கைப்பேசியை விட்டு எடுக்காத கண், எல்லாம் தயார். அவரோ ஒழுங்காக ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் குல்லாவைக் கழற்றிவிட்டு நின்றார். என் வில்லி போயே போய்விட்டாள்.

ஊர்வே குடுவையிலிருந்து அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"இதெல்லாம் புதுசும்மா," என்றார் கெர்த்து. "பிசின்கூட இன்னும் காயல."

"செத்தவங்க பழசு."

"புரியுது. ஆனா வழக்கம்னு ஒண்ணு எழுதியிருக்கு. பிணம் கல்லறைக்குப் போற வழியில கீறினாத்தான் அது சிலுவை மரம். இவங்க இந்த வழியா போகலையே."

"போனாங்க. இந்த ரோட்டுலதான் லாரி போச்சு. உயிரோட போனாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

கெர்த்து கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். அழுதுவிடுவார் போல இருந்தது. பிறகு, இதை நான் ஒத்துக்கொண்டால் நாளைக்கு இன்னொரு காட்டில் பழைய சிலுவைகளையும் போலி என்று ஒருவர் வாதாடுவார், இருப்பதும் கையை விட்டுப் போகும் என்று விளக்கினார். நியாயமான பேச்சு. அவர் நிலையில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்: பாதுகாக்க வேண்டிய மரங்கள், ஐந்து.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கெர்த்து மேல் இல்லை. ஒரு நாட்டில் எரிகிற மரத்தை அந்த நாட்டில் எரியவில்லை என்று எழுதலாம். அது ஒழுங்குமுறை. சைபீரியாவில் செத்தவனை இங்கே செத்தவனாக நினைத்து ஒரு மரத்தில் இரண்டு வெட்டு வெட்டினால், அது மோசடி. புகை விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குப் பிணம் விஷயத்தில் மட்டும் பூதக்கண்ணாடி கிடைத்துவிடுகிறது. எந்த ஊர் நியாயம் இது? யாரைக் கேட்பது?

8

இதற்குமேல் கதையை முடித்தாக வேண்டும். கைவசம் சில முடிவுகள் உண்டு.

முதலாவது, மரம் விழுந்து, சில்லாகி, லாரியில் ஏறி ஊர்வேயின் கொதிகலனுக்கே வருகிறது. நெருப்பில் மகனுடைய சிலுவையைப் பார்க்கிறாள். நீங்கள் ஆரம்பத்திலேயே எதிர்பார்த்திருப்பீர்கள், அதனால்தான் கூடாது என்றேன். சிலுவை கீறிய பட்டை சில்லானால் அது வெறும் சில்லு. ஒரு தாயின் கண்ணில் அதைக் காட்டி உங்களிடம் கண்ணீர் வாங்குவது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இன்னொன்றில், ஊர்வே கொதிகலனை அணைத்துவிடுகிறாள். ஊர் குளிரில் நடுங்குகிறது, பத்திரிகைகள் எழுதுகின்றன. இதை அவளிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டாள்.

வேறொன்றில், பிரஸ்ஸல்ஸில் யாரோ ஒருவர் நல்ல மனதோடு விதியை மாற்று—

இதை முடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

9

நான் இப்படித் திண்டாடிக்கொண்டிருந்தபோது கதை தன்பாட்டுக்கு நடந்துவிட்டது.

ஊர்வே ஒரு காலையில் காப்பிக் குடுவையோடு காட்டுக்குப் போனாள். காற்று வரும் பக்கத்துப் பருத்த பைன் மரத்தில் ஒரு புதுச் சிலுவை. தேர்ந்த கை, ஆழமான வெட்டு. அவளுக்குத் தெரிந்து ஊரில் யாரும் சாகவில்லை. நேரே தம்பி வீட்டுக்கு வந்தாள். கௌபோ முற்றத்தில் உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காத்துப் பக்கத்து மரத்துல யாருடா கீறினது?"

"நான்தான்."

"யாருக்கு?"

கௌபோ கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "எனக்குத்தான்க்கா."

ஊர்வே கையுறையைக் கழற்றி அவர் முகத்தில் அடித்தாள். உயிரோடு இருப்பவனுக்குச் சிலுவை கீறுவது சாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. இந்தப் பக்கத்தில் விளையாட்டுக்குக்கூட யாரும் செய்யாத காரியம்.

"ஒரு பிள்ளை போனது எனக்குப் போதாதாடா? நீ வேற போகணுமா?"

"நான் எங்கயும் போகல. கேளு. இந்த வட்டாரத்துல மெஷின் ஓட்டுற அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். அவனுங்களுக்கும் என்னைத் தெரியும். சட்டம் அஞ்சுன்னு சொல்லிடுச்சு, சரி. ஆனா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கிறவன் மரத்தை எவன் வெட்டுவான்? அதை வெட்டுறதும் என்னை வெட்டுறதும் ஒண்ணு. அது நின்னா ரௌனோ மரமும் நிக்கும்."

"நீயே வெட்டணும்னு சொன்னா?"

"மெஷின் சாவியை நேத்தே ஆபீஸ் மேஜைமேல வச்சிட்டு வந்துட்டேன்."

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து உருளைக்கிழங்கு கழுவினார்கள். அவள் அழுததாக இங்கே எழுதிக்கொள்ள எனக்கு அனுமதி தந்திருக்கிறாள்.

10

கௌபோ சொன்னது பலித்தது. நிறுவனம் கூப்பிட்ட உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் திடீரென்று முதுகு வலித்தது, வண்டி பழுதானது, மச்சினிச்சிக்குக் கல்யாணம் வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்படியே முடித்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

ஆனால் இந்தச் சிலுவை வழக்கம் எங்கள் மூலையோடு சரி. கொஞ்சம் வடக்கே போனால் அது வெறும் கீறல். நிறுவனம் வெளியூரிலிருந்து ஓர் ஓட்டுநரை வரவழைத்திருக்கிறது. இன்று காலை இயந்திரம் காட்டோரம் வந்து நிற்கிறது.

அந்த ஓட்டுநருக்கு ஒரு பெயர் வைக்க முயன்றேன். முகம் கொடுக்க முயன்றேன். அவர் மனதில் என்ன ஓடும் என்று எழுத முயன்றேன். ஒன்றும் ஒட்டவில்லை. எழுதி எழுதி அடித்தபோதுதான் விளங்கியது: வெளியூர் ஆள், எங்கள் வழக்கம் தெரியாமல் வந்தவர், இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டதால் இப்போது தெரிந்துகொண்டுவிட்டவர். அப்படி எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் இருக்கிறார்.

ஆகவே நீங்களே ஏறி உட்காருங்கள். இருக்கை வசதியானது, உள்ளே கதகதப்பாக இருக்கும். திரையில் ஐந்து பச்சைப் புள்ளிகள் தெரியும். அவற்றைத் தவிர மற்றதை வெட்டலாம், சட்டம் உங்கள் பக்கம். தென்மேற்கு மூலையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு நேர் எதிரே ஒரு பருத்த பைன் மரம், அதில் பிசின் வழிகிற இரண்டு வெட்டு. நீங்கள் வெட்டாவிட்டால் நாளைக்கு வேறொருவர் வரலாம், வராமலும் போகலாம். அதை நான் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது.

வேலையிடத்தைச் சுற்றிக் கட்டிய எல்லை நாடாவுக்கு அந்தப் பக்கம் ஊர்வேயும் கௌபோவும் நிற்கிறார்கள். கத்த மாட்டார்கள், குறுக்கே வந்து விழ மாட்டார்கள், அது இங்கே வழக்கம் இல்லை. கௌபோ கைகளைப் பையில் விட்டுக்கொண்டு, குளிரில் மூச்சு வெள்ளையாக வெளியே வர, உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.